கூடிக் கடந்த வழி

1830ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி இரவு ஏனுகுல வீராசாமி சென்னைப்பட்டணத்தை விட்டுக் காசிக்குப் புறப்பட்டபோது ஏறத்தாழ நூறு பேர் அவரோடு கிளம்பினார்கள். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் அவர். வீட்டார், நண்பர்கள், சமையல்காரர்கள், பல்லக்குத் தூக்கும் போயிகள், சுமைகாரர்கள் எல்லோருமாகத் திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாகபுரி என்று வடக்கே ஏறினார்கள். திரும்பும்போது கல்கத்தா, ஜகந்நாதம் வழியாகக் கீழைக் கடற்கரையை ஒட்டி இறங்கி, 1831 செப்டம்பர் 3ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தார்கள். வழி நெடுக வீராசாமி தன் நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு எழுதி அனுப்பியவைதான் 1838இல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற தெலுங்கு நூலாக அச்சேறின. படிப்பவர்கள் பெரும்பாலும் காசியைத் தேடித்தான் இந்த நூலைப் புரட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தொடக்கப் பகுதி: கடலோரச் சென்னையிலிருந்து சித்தூர்ச் சீமையின் வறண்ட மேட்டுக்கு ஏறி, திருப்பதியைத் தொட்டு, கடப்பைப் பக்கம் போகும் பகுதி. இந்த நிலத்தில் தனிமனிதன் பயணி ஆக முடியாது, கூட்டம்தான் பயணி என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. அந்தக் கூட்டத்தை முதலில் உண்டாக்கியது பக்தி இல்லை, தண்ணீர். ரயிலும் மோட்டாரும் வந்த பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை.

வீராசாமி ஒவ்வொரு தங்கலிலும் என்ன குறித்துக்கொள்கிறார் என்று பாருங்கள். சத்திரம் இருக்கிறதா, கிணற்றிலோ குளத்திலோ தண்ணீர் உண்டா, கடைகளில் அரிசி பருப்பு கிடைக்குமா, நிழலுக்குத் தோப்பு உண்டா, அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு. கோயிலைப் பற்றி எழுதுவதற்கு இணையாக இதையும் எழுதுகிறார். அவர் புறப்பட்டது கத்திரி வெயில் காலம். ஆரணியாறு, குசஸ்தலை, சொர்ணமுகி மூன்றுமே மழைக்காலத்தில் மட்டும் ஓடி, மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆறுகள். சித்தூர் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. விவசாயம் முழுக்க ஏரியை நம்பியது, ஏரியோ மழையை நம்பியது. கிழக்கே பழவேற்காட்டுப் பக்கம் போனால் கண்ணெட்டும் தூரம் தண்ணீர் தெரியும், ஆனால் வாயில் வைக்க முடியாது, உப்பு. மணலில் ஊற்றுத் தோண்டினால்தான் குடிநீர். இப்படிப்பட்ட நிலத்தில் ஒருவன் தனியே நடந்தால் தன் தண்ணீரையும் தன் அரிசியையும் தானே சுமக்க வேண்டும். நூறு பேர் போனால் சிலர் முன்னால் போய்க் கிணற்றைப் பார்த்துவைப்பார்கள், சிலர் அடுப்பு மூட்டுவார்கள், கால் கொப்புளித்தவனைச் சிலர் தூக்கி வருவார்கள். சத்திரங்களும் இந்தக் கணக்கில் எழுந்தவையே. கட்டியவர் புண்ணியத்துக்குக் கட்டியிருக்கலாம். அவை நின்ற இடத்தைத் தீர்மானித்தவை கிணறும் குளமும் ஒரு நாள் நடையின் தூரமும்தான்.

வழிப்பயமும் இதோடு சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க இந்தச் சீமை ஆற்காட்டு நவாபின் படைக்கும் மராட்டியருக்கும் மைசூருக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. காடும் குன்றும் பாளையக்காரர்கள் வசம். 1801இல் நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது திருமலைக் கோயிலின் வருமானமும் அதோடு வந்தது. நவாப் வாங்கிய காணிக்கையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கோயில் நிர்வாகத்துக்கென்று 1821இல் 'புரூஸ் விதிகள்' எனப்படும் சட்டதிட்டங்களை வகுத்தது. 1843இல்தான் பொறுப்பை ஹாதிராம்ஜி மடத்து மகந்துவிடம் ஒப்படைத்து விலகியது. யாத்திரிகர் கூட்டம் வற்றினால் கஜானாவும் வற்றும் என்பதால், வழியில் அமைதி இருக்க வேண்டும் என்ற அக்கறை கம்பெனிக்கு இருந்தது. ஆகவே வீராசாமி போன 1830இல் பாளையக்காரர் பயம் பெரும்பாலும் தணிந்திருந்தது. அப்படியும் நூறு பேர் கூடியே போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பயம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கூட்டம் அந்த முப்பது ஆண்டுகளில் சுருங்கியிருக்கும்.

அது ஒரு செல்வரின் பரிவாரம், அதை யாத்திரைக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல்லக்கில் இருந்தவரும் பல்லக்கைத் தூக்கியவரும் ஒரே யாத்திரையைச் செய்யவில்லை. ஒருவருக்கு அது புண்ணியம், மற்றவருக்குக் கூலி. இந்த ஏற்றத்தாழ்வை மறைத்து எழுதினால் வரலாறு பொய்யாகிவிடும். ஆனால் என் வாதம் சமத்துவத்தைப் பற்றியது அல்ல, சார்பைப் பற்றியது. போயிகள் களைத்தால் துவிபாஷியும் நின்றாக வேண்டும். சுமைகாரன் பின்தங்கினால் அன்றைக்கு உலை ஏறாது. கூட்டத்தில் மிகவும் தளர்ந்தவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். வீராசாமிக்குப் பல நூற்றாண்டு முன்பும் இதே வழக்கம்தான். பதினான்காம் நூற்றாண்டில் தில்லிப் படைக்கு அஞ்சித் திருவரங்கத்திலிருந்து வெளியேறிய அழகிய மணவாளர் திருமேனி பல ஊர் கடந்து திருமலையில் தங்கியது. செஞ்சியை ஆண்ட கோபணாரியர் 1371இல் அதை மீண்டும் திருவரங்கம் சேர்த்தார். தூக்கியவர், காவல் நின்றவர், சமைத்தவர் எல்லோரும் சேர்ந்துதான் அதைச் சுமந்திருக்க முடியும். திருமலைக் கோயிலிலுள்ள ரங்கநாயக மண்டபம் இன்றும் அந்தப் பயணத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: எந்திரம் வந்ததும் கூட்டம் தேவையற்றுப் போனது என்பது. 1891வாக்கில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை திருப்பதியைத் தொட்டது. 1944 ஏப்ரலில் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் முதல் மலைச்சாலையைத் திறந்துவைத்தார். அதுவரை மேலே போக வேண்டுமானால் கால் அல்லது டோலி. அதன் பிறகு தேவஸ்தானமே பேருந்து நடத்தியது, பின்னர் அதை அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் விட்டது. 1970களில் இரண்டாவது சாலையும் வந்து, ஏறுவதற்கு ஒன்று இறங்குவதற்கு ஒன்று என்றானது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொழிற்சாலை தொடங்கியது. புல்லட்டோ ஸ்கூட்டரோ வாங்கி, பக்கத்தில் சைடுகார் பூட்டிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன நடுத்தர வீடுகள் அந்தத் தலைமுறையில் உண்டு. சீட்டு வாங்கினால் போதும், சாவியைத் திருகினால் போதும், யாரையும் சாராமல் வேங்கடம் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் வாகனம் கூட்டத்தின் வேலைகளை ஒழிக்கவில்லை, தன் மேல் ஏற்றிக்கொண்டது. சைடுகாரில்கூட ஓட்டுபவர், அமர்ந்து வருபவர், சுமை மூன்றும் ஒன்றாகவே நகர்கின்றன. இன்று நெடுந்தூரம் போகும் மோட்டார் சைக்கிள் குழுக்கள் பல, பாலைக்குள் நுழையும்போது தண்ணீர், பெட்ரோல், உதிரிப்பாகம், மெக்கானிக்கோடு ஒரு வண்டியைப் பின்னால் வரவைக்கின்றன. வீராசாமியின் சுமைகாரர்கள் செய்த வேலை அது.

புரட்டாசியில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மஞ்சள் துணி கட்டித் திருப்பதிக்கு நடப்பவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் படுக்கையும் ஏற்றிய சிறிய வண்டி ஒன்று கூடவே ஊர்ந்து வருகிறது. பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம் என்று தெரிந்தவர்கள் இவர்கள். நடப்பது வேறு வழியில்லாமல் அல்ல, விரும்பி. பிரம்மோற்சவத்துக்காகச் சென்னையிலிருந்து புறப்படும் திருப்பதிக் குடைகளும் யானைகவுனி தாண்டி, வில்லிவாக்கம், திருவள்ளூர் வழியாக ஊர் ஊராகத்தான் போகின்றன. அப்படியானால் இது பக்தி, தாகத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று மறுக்கலாம். வழியெங்கும் தண்ணீர் பாட்டில் விற்கும் காலத்தில் அந்த மறுப்பில் பாதி சரி. காரணம் மாறிவிட்டதை ஒப்புக்கொள்கிறேன். மறு பாதி சரியல்ல. பக்தியால் ஒருவரே தனியாகவும் நடக்கலாமே? கூட்டம் இன்றும் வேண்டியிருப்பதற்குப் பழைய காரணங்களின் வாரிசுகள் உண்டு: இரவில் நெடுஞ்சாலையில் பாயும் லாரிகள், சுருண்டு விழும் முதியவர், வழியில் சோறு போடும் ஊரார் எத்தனை பேருக்கு உலை வைப்பது என்ற கணக்கு. 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிப்பிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு தேவஸ்தானம் செய்த ஏற்பாடு என்ன? பிற்பகலுக்கு மேல் சிறுவர்களைத் தடுத்தார்கள், கையில் கம்பு கொடுத்தார்கள், தனித்தனியே ஏறாமல் கூட்டமாகச் சேர்ந்து நடக்கச் சொன்னார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் எந்தச் சத்திரத்துக்காரரும் இதே யோசனையைத்தான் சொல்லியிருப்பார்.

இதற்கிடையே எல்லைக்கோடுகள் பலமுறை நகர்ந்தன. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1953இல் அது ஆந்திரத்துக்குப் போனது. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு அங்கே போனது. நடப்பவர்கள் வழியை மாற்றவில்லை. ஆனால் வழியைப் பராமரிக்கும் பொறுப்பு இரண்டு அரசுகளுக்கு நடுவே நழுவிவிட்டது. அலிப்பிரியிலிருந்து மலை உச்சி வரை படிகளுக்குக் கூரை உண்டு, குடிநீர் உண்டு, கழிப்பறை உண்டு. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று நீளும் சமவெளியில், சாலையை அகலப்படுத்தியபோது நிழல்மரங்கள் போயின, பழைய சத்திரங்கள் பல இடிந்து கிடக்கின்றன, நடப்பவருக்கென்று ஓரப்பாதைகூட இல்லை. வீராசாமி தங்கிய ஊர்களின் பெயர்கள் நூலில் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாநிலத் தொல்லியல் துறைகளும் எஞ்சிய சத்திரங்களையும் கிணறுகளையும் கணக்கெடுக்கலாம். மிஞ்சியிருப்பவற்றைச் செப்பனிட்டுப் புரட்டாசிக்குத் திறந்துவிட்டால், அவை எதற்காகக் கட்டப்பட்டனவோ அதற்கே மறுபடி பயன்படும்.