தையல்காரர் கழுத்திலிருந்து

தையல்காரரின் கழுத்தில் மாலைபோலத் தொங்கும் நாடாவுக்கு நீளம் அறுபது அங்குலம். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். சட்டைக்கு மார்பு, பேண்ட்டுக்கு இடுப்பு என்று அளந்து நோட்டில் குறித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதே நாடா, சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரக்கூடியவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவியாக மருத்துவர் மேசைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆனது. வழியில் எடை மெஷின் அதை ஓரங்கட்டிவிட்டது.

ஸ்காட்லாந்தின் உள்ளூர்ப் படையினரது மார்பளவுகள் 1817-இல் எடின்பரோ மருத்துவ இதழ் ஒன்றில் அச்சாயின. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மார்புகள். பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்லே பின்னாளில் இந்தப் பட்டியலை எடுத்து அடுக்கிப் பார்த்தார். ஒல்லியர் சிலர், மிகப் பருத்தவர் சிலர், மற்றவரெல்லாம் 40 அங்குலத்தை ஒட்டி. விண்மீன்களை அளக்கும்போது நேரும் பிழைகள் எப்படிப் பரவிக் கிடக்குமோ, அப்படியே மார்புகளும் பரவிக் கிடந்தன. அவர் தேடியது ‘சராசரி மனித’னை, நோயாளியை அல்ல.

நாடாவை மறக்கச் செய்ததும் அவரேதான். வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1830-களில் அவர் கண்டு சொன்னார். நூறாண்டு கழித்து அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், பாலிசிதாரரில் யார் சீக்கிரம் இறக்கிறார் என்று கணக்குப் பார்த்து உயரத்துக்கேற்ற எடைப் பட்டியல்களை வெளியிட்டன. 1972-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கெட்லேயின் பழைய வகுத்தல் கணக்கைத் தூசி தட்டி எடுத்து ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். கிலோகிராமை மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடல்பருமன். சட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டாம், கூச்சமும் இல்லை.

ஆனால் மெஷினுக்கு ஒன்று தெரியாது. எழுபது கிலோ என்று சொல்லும். அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, கொழுப்பு தொடையில் இருக்கிறதா தொப்பையில் இருக்கிறதா என்று சொல்லாது. மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: உடம்பின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கே சர்க்கரையும் இதய நோயும் அதிகம். அந்தக் குரல் பரவலாகக் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

நாடா திரும்பி வந்தது ஸ்வீடனின் கோத்தன்பர்க் வழியாக. 1913-இல் பிறந்த 792 ஆண்களை அங்கே 54 வயதில் அளந்து, 13 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1984-இல் வந்த முடிவில், பக்கவாதத்தையும் இதய நோயையும் முன்னுணர்த்தியது எடைக் குறியீடு அல்ல. இடுப்புச் சுற்றளவைப் பின்புறச் சுற்றளவால் வகுத்துக் கிடைத்த எண். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வும், மாரடைப்பைப் பொறுத்தவரை அதையே உறுதி செய்தது.

காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குள் போகின்றன. இன்சுலினின் சொல் எடுபடாமல் போகிறது, ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, ரத்த அழுத்தமும் கூடுகிறது.

நம்மவருக்கு இது இரட்டிப்பு முக்கியம். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் எடைக் குறியீடு 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. மெஷின் கண்ணில் இருவரும் ஒன்று. அடுத்த ஆண்டே சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசியர்களுக்கு இடுப்பின் எல்லையைத் தனியே வகுத்தது: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

அதே 2005-இல் சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். வயது, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, உடலுழைப்பு எவ்வளவு, இடுப்பளவு என்ன என்ற நான்கே விவரங்கள். நூற்றுக்கு 60 தொட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான். ஊசி குத்தும் முன்பே நாடா பேசிவிடுகிறது.

அளக்க ஒரு முறை உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது பார்க்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. “எனக்கு இருபது வருஷமா முப்பத்திநாலுதான்” என்று பேண்ட் சைஸைச் சொல்லிப் பெருமைப்படுபவர் உண்டு. தொப்பை வளர வளர பேண்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொண்டதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண்களுக்கு அந்த எண்கூடக் கிடையாது. பாவாடை நாடா எந்த இடுப்புக்கும் விட்டுக்கொடுக்கும். சேலைக்கும் கோபமில்லை, நீளம் மாறாததால் கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும், பிறகு இன்னொன்று. காலையில் அவசரமாகக் கட்டும்போது அதை யார் எண்ணுகிறார்கள்? விட்டுக்கொடுக்காத நாடா, தையல் மெஷின் டிராயருக்குள் சுருண்டு கிடக்கிறது.