பள்ளிப் பராமரிப்பு மானியம் (தமிழ்நாடு)

பள்ளிப் பராமரிப்பு மானியம் என்பது ஆசிரியர் சம்பளம் நீங்கலாக, பள்ளியை நடத்தும் அன்றாடச் செலவுகளுக்கு அரசு தரும் தொகை. சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், சில்லறைப் பழுது, வெள்ளையடிப்பு, கழிப்பறைத் துப்புரவு ஆகியவை இதில் அடங்கும். சென்னை மாகாணத்தில் அரசுப் பணம் தொடக்கத்திலிருந்தே ஆசிரியருக்கும் தேர்வுக்குமே முதலில் போயிற்று. கட்டடத்தைக் காக்கும் சுமை நெடுங்காலம் ஊர்மக்கள் மீதே இருந்தது.

தொடக்க வரலாறு

திண்ணைப் பள்ளிகளை நடத்தியவர்கள் பெற்றோர்களே. அவர்கள் தந்த நெல்லிலும் காசிலும் ஆசிரியர் பிழைத்தார். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவற்றுக்கு அரசின் ஆதரவு மிகக் குறைவு என்பதை மன்றோ உணர்ந்தார். 1826இல் அவர் வகுத்த திட்டம் மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் ஒதுக்கியது. குறைவதை மாணவர் கட்டணத்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணிப்பு. அவர் மறைந்த பின் 1836இல் இத்திட்டம் கைவிடப்பட்டது.

மானிய முறைக்கு அடித்தளமிட்டது 1854 ஜூலை 19 தேதியிட்ட உட்ஸ் கல்வி அறிக்கை. நல்ல பொதுக்கல்வி, பொறுப்பான உள்ளூர் நிர்வாகம், அரசு ஆய்வுக்கு இணக்கம், சிறிதேனும் கட்டணம் ஆகியவை அதன் நிபந்தனைகள். சம்பளம், உதவித்தொகை, நூல்கள், கட்டடம் எனக் குறிப்பிட்ட நோக்கத்துக்கே பணம் தர வேண்டும் என்றும் அது வரையறுத்தது. நிர்வாகத் திறனும் கணக்கெழுதும் பழக்கமும் உடைய மிஷன் பள்ளிகளே இதனால் பெரும்பயன் பெற்றன.

சென்னையில் மானியம் மூன்று வகையாக வழங்கப்பட்டது. சம்பள மானியம் ஆசிரியரின் தகுதியைப் பொறுத்தது. தேர்ச்சி மானியத்தில் ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு மாணவரையும் சோதிப்பார். தேறிய பாடத்துக்கு ஏற்பத் தொகை கிடைக்கும். மூன்றாவது, இவ்விரண்டும் கலந்தது. இங்கிலாந்தின் 1862 விதிகளைப் பின்பற்றிய தேர்ச்சி மானியம் திண்ணைப் பள்ளிகளை அரசின் பார்வைக்குள் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் குழந்தையின் மனப்பாடமே ஆசிரியரின் வயிற்றுப்பாடாக மாறியது; கூரை ஒழுகும் ஏழைப் பள்ளியில் தேர்ச்சி குறைய, மானியமும் குறைந்தது. இதைவிட அநீதியான ஏற்பாடு இம்மாகாணக் கல்வி வரலாற்றில் அரிது. வைசிராய் கர்சன் அரசின் 1904 கல்வித் தீர்மானத்துக்குப் பின் தேர்ச்சி மானியம் ஒழிந்தது.

பின்னர், சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளிச் செலவுக்காக உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க வழிசெய்தது.

பள்ளிச் சீரமைப்பு இயக்கம்

காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது 1958இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் எழுந்தது. மாநாடுகள் கூட்டி, பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, ஊராரிடமே கேட்டுப் பெற்றனர். நிலம், கட்டடம், இருக்கை, கரும்பலகை, வானொலிப் பெட்டி எனக் கொடை குவிந்தது. இயக்கத்தின் புகழுக்கு இது தகும். எனினும் அரசின் கடமை ஊரின் கொடையாக மாறியதையும் மறக்கலாகாது.

ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபின் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். கட்டடங்கள் ஒன்றியத்திடமே தங்கின. ஆசிரியரை நியமிப்பது கல்வித் துறை, கூரையைச் செப்பனிடுவது ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலகம் என்னும் பிரிவு இதிலிருந்து வந்தது.

இன்றைய நிலை

அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் மூன்று வகுப்பறை வரையுள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டால் 10,000 ரூபாயும் பராமரிப்புக்குக் கிடைத்தன. 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கூட்டு மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி வழங்கப்படுகிறது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 1,000 பேருக்கு மேல் 1,00,000 ரூபாய் என்பது பின்னர் திருத்தப்பட்ட அளவு. இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குரியது. கட்டடத்தின் வயதும் வகுப்பறைகளின் எண்ணிக்கையும் இக்கணக்கில் சேர்வதில்லை.