‘ஐடல்’ என்ற சொல் வந்த வழி

தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்த என் பெறாமகள், “பெரியம்மா, ஐடல் எண்டால் என்ன?” என்று கேட்டாள். “சிலை” என்று சொல்லிவிட்டேன். பிறகு அகராதிகளைப் புரட்டியபோதுதான் அந்தப் பதில் பாதி என்று விளங்கியது.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. ‘எய்டோஸ்’ என்றால் உருவம், தோற்றம். அதனோடு உறவுடையது ‘எய்டோலோன்’. பழைய கிரேக்கத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு அகப்படாத சாயலைக் குறித்தது. நீரில் தெரியும் பிம்பமும், இறந்தவரின் நிழல் உருவும் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டன.

ஹோமரின் ஒடிசி காவியத்தில், போர் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் அலையும் ஒடிசியஸ் இறந்தோர் உலகில் தன் தாயைக் காண்கிறான். மூன்று முறை கட்டியணைக்கப் போகிறான். மூன்று முறையும் அவள் நிழல்போல நழுவிவிடுகிறாள். தன்னை அழவைக்க அனுப்பப்பட்ட வெறும் உருவமோ என்று அவன் கலங்கும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடக்கம் எபிரேய வேத நூல்கள் கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டன. வணங்கக்கூடாது என்று விலக்கப்பட்ட உருவங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இதே சொல்லை இட்டார்கள். ‘பொய்த் தெய்வம்’ என்ற பொருள் அவ்வழியே வலுப்பெற்றது. இலத்தீன், பழைய பிரெஞ்சு மொழிகள் ஊடாக 13ஆம் நூற்றாண்டளவில் அது ஆங்கிலத்தை அடைந்தது. 1620இல் பிரான்சிஸ் பேக்கன், மனித அறிவை மயக்கும் தவறான எண்ணங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அளவுகடந்து நேசிக்கப்படும் மனிதர் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. 2001இல் பிரித்தானியாவில் தொடங்கிய ‘பொப் ஐடல்’ போட்டி அந்தப் பொருளை உலகெங்கும் பரப்பியது.

நம்முடைய சொற்கள் வேறு வழியில் வந்தவை. ‘சிலை’, கல்லைக் குறிக்கும் ‘சிலா’ என்ற வடசொல்லோடு தொடர்புடையது. ‘விக்கிரகம்’ என்பதற்கு வடமொழியில் உருவம், உடல் என்ற பொருள்களோடு போர் என்ற பொருளும் உண்டு. அர்த்தசாத்திரம் அரசனுக்குச் சொல்லும் ஆறு வழிகளில் சந்தி சமாதானம், விக்கிரகம் போர்.

இவற்றையெல்லாம் பெறாமகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், “அப்ப, அம்மம்மா துடைக்கிற மாமாவின்ர படமும் ஐடலோ?” என்று கேட்டாள்.

2009இல் காணாமல் போன என் அண்ணாவின் படம் அது. அம்மா நாள்தோறும் அதைத் துடைப்பார். மாலை போடவும் விளக்கு வைக்கவும் ஒருவரையும் விடமாட்டார். மாலை விழுந்தால் அவன் இல்லையென்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார்.

கட்டியணைக்க முடியாத உருவம் என்ற அளவில் அந்தப் பழைய கிரேக்கச் சொல் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இறந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளைக்கு ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அது மாமாவின்ர படம்” என்று மட்டும் சொன்னேன்.