மயக்க மருந்தும் மூக்கின் வேலையும்

மூக்கின் அருமை, அதற்கு வேலை இல்லாமல் போகும்போதுதான் தெரியும். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் ஆழத்துக்குப் போவதற்குள் 37 டிகிரி செல்சியசுக்குச் சூடாகி, லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியையும் ஏற்றிக்கொண்டு விடுகிறது. அறுவை சிகிச்சைக்காக மூச்சுக்குழாயில் நேரடியாக டியூப் வைத்துவிட்டால் மூக்குக்கு அங்கே இடமில்லை. சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனிலோ ஈரம் என்பதே கிடையாது.

ஆனால் மயக்க மருந்தின் வரலாற்றில் முதலில் சூடு தேவைப்பட்டது நோயாளிக்கு அல்ல, மருந்துக்கு! 1846-ல் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரை எல்லோருக்கும் முன்பாகக் கொடுத்துக் காட்டினார். ஈதர் ஆவியாகும்போது தன்னையே குளிர்வித்துக் கொள்ளும். குளிர்ந்தால் ஆவி குறையும், மயக்கமும் லேசாகிவிடும். அடுத்த ஆண்டே லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ ஈதர் கலத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து இதைச் சரிசெய்தார். (பின்னாளில் காலராவுக்குக் காரணம் குடிநீர்தான் என்று காட்டிய அதே ஸ்னோதான்.)

நோயாளிக்குச் சூடு கிடைத்ததில் சிக்கனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1920-களில் அமெரிக்காவின் ரால்ஃப் வாட்டர்ஸ், நோயாளி வெளிவிடும் வாயுவை வீணாக்காமல் சோடா லைம் நிரப்பிய டப்பா வழியாக அவருக்கே திருப்பி அனுப்பினார். கார்பன் டை ஆக்சைடை சோடா லைம் பிடித்துக்கொள்ளும் வேதிவினையில் வெப்பமும் நீரும் உண்டாகும். வாயுச் செலவு மிச்சம், கூடவே இதமான ஈரக் காற்றும் இலவசம்! 1930-ல் பிரையன் ஸ்வார்டு இதையே ஒரு வட்டச் சுற்றாக அமைத்தார்.

உலர்ந்த வாயு என்ன செய்யும் என்பதை ஆராய்ச்சிகள் விவரமாகக் காட்டியது பிறகுதான். 1962-ல் பர்ட்டனும் 1972-ல் சலோனும் எழுதிய கட்டுரைகள் இதில் முக்கியமானவை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சிலியா என்னும் நுண்ணிய முடிகள் சளியை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உலர்ந்த வாயு பட்டால் அந்தச் செல்கள் சேதமடைகின்றன. சளி இறுகி டியூபையே அடைத்துவிடலாம். குழந்தைகளின் மெல்லிய டியூப் என்றால் கேட்கவே வேண்டாம், சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

வெந்நீர் வழியாக வாயுவைச் செலுத்தும் கருவிகள் இருந்தன. ஆனால் வழியிலேயே ஆவி குளிர்ந்து குழாயில் தண்ணீர் தேங்கும். 1960-ல் ஸ்வீடனின் டோரமால்ம், தொண்டையில் துளையிடப்பட்டவர்களுக்காக எழுதிய சாதனம் எளிமையானது. வெளியேறும் மூச்சு தன் சூட்டையும் ஈரத்தையும் அதில் விட்டுச் செல்லும், உள்ளே வரும் மூச்சு அதை எடுத்துக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இதன் வழிவந்த 'செயற்கை மூக்கு' இன்று சிறிய பிளாஸ்டிக் கூடாக டியூபின் வாயில் பொருத்தப்படுகிறது. சோடா லைம் சூடாகி ஈரம் சேரச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், வட்டச் சுற்று இருந்தாலும் பல இடங்களில் இதையும் சேர்த்தே வைக்கிறார்கள்.