ஹாஷிமோட்டோ பார்த்த நான்கு கழுத்துகள்

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, டாக்டர் சீட்டில் 'ஹாஷிமோட்டோ' என்று எழுதிக் கொடுத்தார். "யாருடா இந்த ஜப்பான்காரன்? என் கழுத்திலே வந்து உட்கார்ந்திருக்கிறானே!" என்றாள் என் அக்கா. பல வருஷங்களாக அவளைச் சோம்பேறி என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே அந்த ஜப்பான்காரரைத் தேடிப் போக வேண்டிய கடமை என் தலையில் விழுந்தது.

ஹகரு ஹாஷிமோட்டோ 1881-ல் பிறந்தவர். புகுவோகா சர்வகலாசாலையில் ரண சிகிச்சை பயின்றவர். கழுத்து வீங்கிய நான்கு பேருக்கு அறுத்தெடுத்த தைராய்டுச் சுரப்பிகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். நால்வரும் பெண்கள்; நாற்பது கடந்தவர்கள். சுரப்பி முழுவதும் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கூடாரமடித்திருந்தன! 1912-ல் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் முப்பது பக்கம் எழுதினார். பிறகு ஜெர்மனிக்கே படிக்கப் போனார். உலக யுத்தம் துரத்தியது. 1916-ல் சொந்த ஊர் திரும்பி, சாதாரண வைத்தியராகவே வாழ்ந்து, 1934-ல் டைபாய்டு சுரத்தில் காலமானார்.

வெள்ளை அணுக்கள் உடம்பின் சிப்பாய்கள். கிருமியே இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? இதைக் கேட்க விடாமல் தடுத்தது ஒரு பெரிய மனிதரின் வாக்கு. உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது என்று ஜெர்மன் மேதை பால் எர்லிக் சொல்லியிருந்தார். மேதைகள் தவறினால் உலகம் அரை நூற்றாண்டு வழி தவறும் போலும்!

1956-ல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் டெபோரா டோனியாக், ஐவன் ராயிட், பீட்டர் காம்ப்பெல் ஆகியோர் ஒன்றைக் கவனித்தார்கள். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதம் மிகுந்திருந்தது. சுரப்பியை எடுத்தால் அது குறைந்தது. அப்படியானால் சண்டையின் காரணம் சுரப்பிக்குள்ளேதானே? நோயாளியின் ரத்த நீரைத் தைராய்டுச் சாற்றோடு சேர்த்தார்கள். வண்டல் படிந்தது. சொந்தச் சுரப்பியை எதிர்க்கும் பொருள் ரத்தத்திலேயே இருந்தது! இந்த டோனியாக் அம்மாள் பிறந்ததும், ஹாஷிமோட்டோவின் கட்டுரை வெளியான அதே 1912-ல்தான்.

அதே வருஷம் அமெரிக்காவின் பப்பலோ நகரிலும் நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி இருவரும் முயல்களிடம் இதையே நிரூபித்தார்கள். விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் சிஷ்ய பரம்பரை. குருவின் வாக்கு பொய்த்ததை நம்ப மாட்டாமல், சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாராம். அந்தத் தவிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று ஒரு ஊசி ரத்தம் போதும். ஆனால் எதிர்ப்பொருள் தென்பட்டாலே மருந்து தேவை என்பதில்லை. சுரப்பி வேலையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாத்திரை தருகிறார்கள்.

அக்காவின் சுரப்பி தளர்ந்துதான் போயிருந்தது. இப்போது விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன், "போடா!" என்றாள். ஆனால் காப்பி அரை மணி தாமதமாவதற்காக அந்த ஜப்பான்காரரை மட்டும் அவள் இன்னும் மன்னிக்கவில்லை.