காட்டூர்க் கல்வெட்டும் கூட்டுக் குடும்பமும்: மேலாண்மை கற்றலின் முன்வரலாறு பற்றி ஒரு மறுப்பு

தமிழகத் தொழில்முனைவோர் மேலாண்மையை எங்கே கற்றார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்க மானிடவியலாளர் மில்டன் சிங்கரின் பெயர் முன்னால் வந்து நிற்கிறது. 1964இல் சென்னையின் முன்னணித் தொழிலதிபர்கள் 19 பேரை அவர் நேர்கண்டார். அதன் முடிவுகள் 1972இல் வெளிவந்த ‘வென் எ கிரேட் ட்ரெடிஷன் மாடர்னைசஸ்’ நூலில் உள்ளன. சாதியும் சடங்கும் நவீன முதலாளியத்துக்கு முட்டுக்கட்டை என்ற மாக்ஸ் வேபரின் கருத்தை அவர் மறுத்தார். வீட்டில் ஓர் ஒழுங்கு, ஆலையில் வேறோர் ஒழுங்கு என இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டு சென்னைத் தொழிலதிபர்கள் இடறாமல் நடந்தார்கள் என்றும், கூட்டுக் குடும்பம் தொழிலுக்குத் தடையாகாமல் அதன் நெறிகளே நிறுவனத்துக்குள் இடம்பெயர்ந்தன என்றும் காட்டினார். வேபருக்கு எதிரான இந்தப் பகுதியை இன்றும் அசைக்க முடியாது. ஆனால் இதிலிருந்து பிறந்த ஒரு முடிவு வணிகவியல் வகுப்புகளில் கேள்வியில்லாமல் புழங்குகிறது: இங்கே மேலாண்மைப் பள்ளி என்று ஒன்று இருந்தால் அது குடும்பம்தான்; தந்தையிடமிருந்து மகன் கற்றான்; கொள்கை, விதி, குழு என்பவை 1916இல் ஹென்றி ஃபயோல் வகுத்த 14 மேலாண்மைக் கொள்கைகளைப் போல வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. சிங்கர் இவ்வளவு வெட்டாகச் சொல்லவில்லை. அவர் வாதம் வாசகனை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

குறை அவர் தேர்ந்த சான்றிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் உச்சியில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டால் குடும்பத்தின் கதை வருவது இயல்பு. அவர் அங்கே வந்து அமர்ந்த வழியே பெரும்பாலும் அதுதான். ஃபோர்மேனிடமோ கணக்குப் பிள்ளையிடமோ அதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கக்கூடும். இதைவிட முக்கியமானது, குடும்ப எல்லையைத் தாண்டிய வணிக நிர்வாகத்துக்கு அவர் கால்வைத்த ஊரிலிருந்து வடக்கே வெகு தொலைவில்லாத இடத்தில் எழுத்துச் சான்று இருப்பது. 1912ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தொகுப்பில் 256ஆம் எண்ணாகப் பதிவான காட்டூர்க் கல்வெட்டைச் சொல்கிறேன். காட்டூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி முதல் சுப்பராயலு, கராஷிமா வரை வரலாற்றாசிரியர் பலரும் ஐந்நூற்றுவர் வணிகக் குழு பற்றிய ஆய்வுகளில் இவ்வகைக் கல்வெட்டுகளைக் கையாண்டிருக்கிறார்கள். மேலாண்மை வரலாறு எழுதுவோர்தான் இதன் பக்கம் வரவில்லை.

கல்வெட்டு சொல்வது இது: பல திசைகளையும் நாடுகளையும் சேர்ந்த வணிகர்கள் மயிலார்ப்பில், அதாவது மயிலாப்பூரில், கூடினார்கள். அதுவரை ‘அய்யப்பொழில்’ என்ற நிலையில் இருந்த காட்டூரை வீரபட்டினமாக, அதாவது காவல் பெற்ற வணிக ஊராக, மாற்றினார்கள். அவ்வூரார் பொதுவில் செலுத்திவந்த பங்களிப்புகளிலிருந்து விலக்குப் பெற்றார்கள். முன்பு பெற்றதைப் போல இருமடங்கு பெற உரிமையும் பெற்றார்கள். வாளை உருவிக்கொண்டும் ஆட்களைப் பிடித்துவைத்தும் வரி கேட்கும் வணிகர்கள், பிறர் உணவைப் பறித்துத் துன்புறுத்துவோர் ஆகியோர் இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்று விதித்தார்கள். மீறுபவர் வளஞ்சியர் என்னும் வணிகச் சமூகத்துக்குப் புறம்பாவார். எழுத்தமைதியைக் கொண்டு இதை 11–12ஆம் நூற்றாண்டு எனலாம். அதற்குமேல் காலத்தை இறுக்க நான் முனையவில்லை. இதை வெறும் சலுகை ஆவணம் என்று படித்துவிட்டு நகர்வது எளிது. என் கவனம் விலக்கப்படுவோர் யார் என்பதில் நிற்கிறது. அவர்கள் அயல் கொள்ளையர் அல்லர், வணிகர்களிலேயே சிலர். ஆயுதத்தைத் தன் ஆட்களிடம் விட்டுவைத்த ஏற்பாடு அத்துமீறலில் முடிந்ததைக் கண்ட ஒரு குழு, பழைய நிலையை மாற்றி, ஊரில் இருப்போருக்கு ஊக்கமும் மீறுவோருக்குத் தண்டனையும் ஒரே தீர்மானத்தில் வைத்திருக்கிறது. இம்முடிவு எந்த ஒரு வீட்டுத் தலைவரின் வாய்ச்சொல்லும் அல்ல.

இரண்டு எதிர்ப்புகளை எதிர்பார்க்கிறேன். புறம்பாக்குவது சாதி விலக்குத்தானே, அதுவும் உறவின் நீட்சிதானே என்பது முதலாவது. ஐந்நூற்றுவர் கல்வெட்டுகள் செட்டி, கவறை, வளஞ்சியர் என்று தொடங்கி ஆயுதம் ஏந்திய வீரர் வரை பலரை ஒரே அமைப்பின் உறுப்பினராக அடுக்குகின்றன. இதை ஒரு குலத்துக்குள் அடக்க முடியாது. வளஞ்சியர் என்ற பெயர் மட்டும் தண்டனைப் பகுதியில் தனித்து நிற்பது என் வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான், அதை மறைக்கவில்லை. விதி இருந்தது, கற்றல் எங்கே என்பது இரண்டாவது, கடினமானது. இளையவர் யாரும் பயிற்றுவிக்கப்பட்டதாக இக்கல்வெட்டு பேசவில்லை. ஆனாலும் ஏற்பாட்டின் தவறும் அதைத் திருத்திய வழியும் ஊர் பார்க்கக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இனி வருபவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கமில்லாமல் யாரும் கல்லுக்குச் செலவு செய்யமாட்டார்கள். இதைக் கற்பித்தல் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

காட்டூரிலிருந்து இன்றைய ஆலைகளுக்குத் தொடர்கோடு கிழிக்க முடியாது. நான் கிழிக்கவும் இல்லை. 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளையினர் சென்னையில் வணிகப் பள்ளி தொடங்கியபோது அது புதிய தொடக்கம்தான். நான் மறுப்பது, இடைப்பட்ட வெற்றிடத்தைக் குடும்பம் ஒன்றே நிரப்பியது என்ற அனுமானத்தை. அண்மைக்காலச் சான்றும் அதற்குச் சாதகமாக இல்லை. 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அதன் ஆலை இருந்த பாடி அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அந்நிறுவனம் சார்ந்த டிவிஎஸ் குழுமத்தின் உரிமை குடும்ப உரிமை, அதில் சிங்கருக்கு வெற்றி. ஆனால் அவ்விருதுக்கு அடிப்படையான முழுமைத் தர மேலாண்மை ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டலில், தொழிலாளர் வரை இறங்கிய குழுக்களின் மூலம் கற்கப்பட்டது. உரிமை கைமாறும் வழியையும் அறிவு கைமாறும் வழியையும் சிங்கர் ஒன்றாக எண்ணிவிட்டார் என்பதே என் முடிவு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் சூப்பர்வைசர்களிடம் அவருடைய கேள்விகளை எடுத்துச் செல்ல பிபிஏ, எம்பிஏ ஆய்வு மாணவர்கள் முன்வர வேண்டும்.