எழுதுவினைஞர் மேசையிலிருந்து ஜனாதிபதி மாளிகை வரை

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குச் சென்றிருந்தேன். கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகி அம்மன் சந்நிதி அது. மதுரையை எரித்தபின் ஈழம் வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடமென்பதால் 'பத்தாப்பளை' எனப்பட்டு, அதுவே வற்றாப்பளையாக மருவியதென்பர். நந்திக்கடலோரம் நின்றபோது என் நினைவு ஏனோ ஒடிசாவுக்குச் சென்றது. அரசவை வாயிலில் நீதி கேட்டு நின்ற பெண்ணை நாம் தெய்வமாக்கினோம். நீதி கேட்கும் மக்களிடமிருந்தே ஒரு பெண் மாளிகைக்குள் சென்றமர்ந்தால் என்ன நிகழும்?

திரௌபதி முர்மு 1958 யூன் 20 ஆம் திகதி மயூர்பஞ்ச் மாவட்டத்தின் உபர்பேடா கிராமத்திற் பிறந்தவர். சந்தால் பழங்குடியினர். புவனேசுவரத்தில் கலைப் பட்டம் பெற்று, 1979 முதல் 1983 வரை மாநில நீர்ப்பாசன, மின்வலுத் திணைக்களத்தில் இளநிலை எழுதுவினைஞராகக் கடமையாற்றினார். பின்னர் ராய்ரங்பூரில் ஆசிரியப்பணி. 1997 இல் அவ்வூரின் உள்ளூராட்சி உறுப்பினரானார். 2000 இலும் 2004 இலும் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். வர்த்தகம், போக்குவரத்து, பின்னர் மீன்வளம், கால்நடை ஆகிய துறைகளின் அமைச்சராகவும் இருந்தார்.

2009 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளுக்குள் இரு புதல்வர்களையும் கணவரையும் இழந்தார். வன்னியில் இதை வாசிக்கும் எந்தத் தாய்க்கும் விளக்கம் வேண்டியதில்லை.

2015 இல் ஜார்க்கண்ட் ஆளுநரானார். அவரது வாழ்வில் வரலாற்று மாணவன் நின்று நோக்க வேண்டிய கட்டம் இதுவே. பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பின்னர் 1908 இல் பிறந்தது சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். பழங்குடியினரின் காணி பிறர் கைக்குப் போகாமற் காக்கும் வேலி அது. அதனையும் சந்தால் பர்கனா சட்டத்தையும் திருத்தி, விவசாயக் காணியை வேறு தேவைகளுக்குப் பயன்படுத்த வழிசெய்யும் சட்டமூலங்களை 2016 இல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பழங்குடியினர் கொதித்தெழுந்தனர். ஆட்சியிலிருந்தது முர்மு சார்ந்திருந்த பாரதிய ஜனதாக் கட்சி. ஆயினும் 2017 இல் அவர் கையொப்பமிடாது அவற்றைத் திருப்பியனுப்பினார். அரசு பின்வாங்க நேர்ந்தது.

2022 யூலை 25 ஆம் திகதி இந்தியாவின் 15 ஆவது ஜனாதிபதியாக முர்மு பதவியேற்றார். பழங்குடியினரில் அப்பதவிக்கு வந்த முதலாமவர் அவரே. அவர் பிறந்த ஊரின் ஒரு குடியிருப்புக்கு அதே ஆண்டு, அவர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட பின்னரே மின்சாரம் கிடைத்தது. அவர் மின்வலுத் திணைக்களத்தை விட்டு விலகி அப்போது 39 ஆண்டுகள் கழிந்திருந்தன!

இதனாலேயே சிலர், இந்த நியமனங்கள் வெறும் அடையாளங்கள் என்கின்றனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. இந்திய ஜனாதிபதியின் அதிகாரம் வரையறுக்கப்பட்டதே. ஆனால், ராஞ்சியில் இடப்படாத அந்தக் கையொப்பத்தை வெறும் அடையாளமெனத் தள்ள என் மனம் ஒப்பவில்லை. காணியின் பெறுமதியை அறிந்த ஒருவர் உரிய ஆசனத்தில் இருந்ததன் பயன் அது.

அதே 2017 இல்தான் வற்றாப்பளைக்கு அயலிலுள்ள கேப்பாப்புலவில், இராணுவம் வைத்திருந்த தமது காணிகளைக் கேட்டு மக்கள் வீதியோரம் அமர்ந்தனர். முன்னணியில் இருந்தோர் பெண்கள். சில காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 1960 இலேயே உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. எனினும், அப்பெண்களின் மனு சென்றடைந்த மேசைகளில், அவர்களது மண்ணை அறிந்த ஒருவர் இருந்தாரா?

கண்ணகிக்குப் பொங்குகிறோம். அவள் வாயிலில் நின்றவள். வன்னியின் பெண்பிள்ளைகள் சிலராவது உள்ளே, அந்த மேசைகளில் அமர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.